எந்தப் பக்கம் மேலே

வயிற்றில் கோடு போட்டுக்கொள்ளப் போகிறேன் என்று சொன்னதும் என் கணவர் கேட்ட முதல் கேள்வி, "பச்சை குத்தப் போறயா?" என்பதுதான். கோயம்புத்தூர்க்காரர். வீடு தீப்பிடித்தாலும் நிதானமாகத்தான் விசாரிப்பார். பச்சை இல்லை, தோலுக்கும் தசைக்கும் நடுவில் இருக்கிற கொழுப்பைக் குழாய் விட்டு உறிஞ்சி எடுப்பார்கள், எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எடுக்காமல் தசையின் ஓரங்களில் மட்டும் கொஞ்சம் கூடுதலாக எடுப்பார்கள், அப்போது உள்ளே இருக்கிற தசை படிக்கட்டு மாதிரி வெளியே தெரியும் என்று விளக்கினேன். அவர் டீயைக் குடித்து முடித்தார்.

"நாப்பத்தாறு வயசுல இத யாருக்குக் காட்டறதுக்கு?"

"எனக்குக் காட்டறதுக்கு" என்றேன். அதைச் சொல்லும்போதே எனக்குச் சுர்ரென்று கோபம் வந்துவிட்டது. இந்தக் கேள்வியை நாலு வருஷமாக யாராவது ஒருவர் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். புனேயில் ஹிஞ்சேவாடி ஆபீஸிலிருந்து கம்பெனி வண்டியில் நசுங்கி வந்து, சாங்வியில் இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே ஜிம்முக்குப் போகிறவள் நான். ஆரம்பத்தில் அங்கே இருக்கிற பையன்கள் "ஆன்ட்டி, ஆன்ட்டி" என்று ஒதுங்கி வழிவிட்டார்கள். இப்போது கனமான எடை தூக்கும்போது பின்னால் நின்று பிடிக்க என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். தோள் வந்தது, கை வந்தது, முதுகு வந்தது. வயிறு மட்டும் வரவில்லை. தொட்டால் பலகை, பார்த்தால் பூரி. மேலே ஒரு மெல்லிய கொழுப்புப் படலம் ஒட்டிக்கொண்டு போகவே மாட்டேன் என்றது. பட்டினி கிடந்தால் முகம்தான் வற்றியது. சரி போ, குழாயை விட்டே எடுக்கிறேன் என்று முடிவு செய்துவிட்டேன்.

கணவரைச் சமாளித்துவிடலாம். அம்மாவிடம் சொன்னதுதான் வம்பாகப் போயிற்று.

அப்பா போன பிறகு அம்மா என்னோடுதான் இருக்கிறாள். வேலூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி புனே வந்தவள். ஊரை விட்டு வந்து ஐம்பது வருஷம் ஆகப்போகிறது, பேச்சு மட்டும் ரயிலேறவே இல்லை. நான் சொன்னதை முழுசாகக் கேட்டுவிட்டு, நறுக்கிக்கொண்டிருந்த வெண்டைக்காயைத் தள்ளி வைத்தாள்.

"இன்னாடி, என் வயிறு உனக்கு அவ்ளோ கேவலமா பூட்ச்சா? பத்து மாசம் உன்ன வச்சினு இருந்த வயிறுடி இது. அதே மாதிரி கீதுன்னுதான அறுத்துப் போடப் போற?"

"யாரும் அறுக்கலம்மா. கொழுப்பத்தான் எடுக்கறாங்க."

"ஆமா, உனக்குக் கொழுப்புதான். அத எந்த டாக்டர் எடுக்கறது?"

அன்றோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். அம்மா பேசவில்லை என்றால் வீடு அமைதியாகிவிடும் என்று நினைக்கக்கூடாது. மிக்ஸியோடு பேசுவாள், குக்கரோடு பேசுவாள். எனக்குச் சொல்ல வேண்டியதை எல்லாம் என் கணவரைப் பார்த்துச் சொல்வாள். "மாப்ள, சாப்பாடு ஆச்சின்னு சொல்லுங்க." நான் பக்கத்தில்தான் நிற்பேன். அவரும் திரும்பி, "சாப்பாடு ஆச்சாம்" என்பார்.

அவள் கோபத்தில் நியாயம் இல்லாமலில்லை. நான் அச்சு அசல் அம்மா. உருண்டை முகம், உருண்டைத் தோள், குட்டைக் கழுத்து, மெத்தென்ற வயிறு, எல்லாமே அவள் வீட்டுச் சரக்கு. சின்ன வயதில் ஊரிலிருந்து யார் வந்தாலும் என் கன்னத்தைக் கிள்ளி, "அம்மாவ உரிச்சி வச்சிருக்கா" என்பார்கள். தம்பிக்கு அப்பாவின் மூக்கு, அப்பாவின் காது, நடை கூட அப்பா. அத்தைக்கு இதில் தனி சந்தோஷம். "எங்கண்ணன் ஜாடை இவகிட்ட ஒரு பொட்டு இல்ல. இவள தவிட்டுக்கு வாங்கினோம்" என்று ஒவ்வொரு லீவுக்கும் வந்து சொல்வாள். எல்லோரும் சிரிப்பார்கள், அப்பாவும் சிரிப்பார். நான் உள்ளே போய்க் கண்ணாடி முன்னால் நிற்பேன். புருவம், நகம், காதுமடல் என்று ஒவ்வொன்றாகத் தேடுவேன். எனக்கு அப்பா என்றால் உயிர். அவரிடமிருந்து எனக்கு ஒன்றுமே வரவில்லை என்பது அந்த வயதில் தாங்க முடியாத அவமானமாக இருந்தது. இந்த வயதிலும் அது முழுசாகப் போகவில்லை.

கேம்ப் என்கிற பேட்டையில் நான் போன கிளினிக்கில் டாக்டர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். மராத்திக்காரர், சுத்தமான மனிதர், பேனாவை மூடி போட்டுத்தான் கீழே வைப்பார். ஆளுயரக் கண்ணாடி முன்னால் என்னை நிற்க வைத்து, வயிற்றை இறுக்கச் சொன்னார். உள்ளே தசை எங்கே முடிகிறது என்று விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்து, ஊதா நிற மார்க்கரால் கோடு போட்டார். இஷ்டத்துக்குக் கோடு போட முடியாதாம். உள்ளே பிறவியிலேயே தசைக்குக் குறுக்கே கயிறு கட்டின மாதிரி சில இடங்கள் இருக்கும், அதை ஒட்டித்தான் எடுக்க வேண்டுமாம். நடுக்கோடு போட்டார். குறுக்குக் கோடு போட வந்தவர் நிறுத்தினார். இந்தப் பக்கம் அழுத்தினார், அந்தப் பக்கம் அழுத்தினார்.

"மேடம், உங்களுக்கு ரெண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் இல்லை. இடது பக்கப் படி ஒரு விரல் மேலே இருக்கிறது" என்று மராத்தியில் சொன்னார். நிறையப் பேருக்குக் கொஞ்சம் அப்படித்தான் இருக்குமாம், எனக்குக் கொஞ்சம் அதிகமாம். எத்தனை வருஷம் எடை தூக்கினாலும் அது மாறாதாம். "கவலைப்படாதீர்கள், கொழுப்பு எடுக்கும்போது வெளியே நேராகத் தெரிகிற மாதிரி செய்துவிடுவேன்" என்று சொல்லி, கோணலான கோட்டின் மேலேயே புள்ளி புள்ளியாக ஒரு நேர்க்கோடு போட்டுக் காட்டினார்.

நான் நேர்க்கோட்டைப் பார்க்கவில்லை. கோணலைப் பார்த்தேன். அது என் அப்பாவின் வயிறு.

சின்ன வயதில் கட்கியில் பேக்டரி குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா கடைசி வரை பழைய பெயரில் கிர்க்கி என்றுதான் சொல்வார். எங்கள் வரிசைக்குப் பொதுவாக ஒரு குழாய், அதற்குக் கீழே ஒரு சிமெண்ட் தொட்டி. பேக்டரியில் அப்பாவுக்கு மரப்பெட்டிகள் தூக்கி அடுக்குகிற வேலை. ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வந்ததும் சட்டையைக் கழற்றி வேலிக்கம்பியில் மாட்டிவிட்டு நேரே குழாயடிக்குப் போவார். ஜிம் என்ற சொல்லையே அவர் கேட்டிருக்க மாட்டார். ஆனால் அந்த வயிறு! கல்லில் செதுக்கினது என்று சும்மா சொல்கிறார்களே, அதை நான் கண்ணால் பார்த்து வளர்ந்தவள்.

அவர் குழாயடிக்கு வந்தாலே வரிசைப் பிள்ளைகள் எல்லாம் ஓடி வந்துவிடுவோம். தமிழ்ப் பிள்ளைகள், மராத்திப் பிள்ளைகள், கடைசி வீட்டுத் தெலுங்குப் பிள்ளைகள் எல்லோரும் வரிசையாக நிற்போம். அப்பா இடுப்பில் கை வைத்து, மூச்சை இழுத்துப் பிடித்து, "ம், குத்து" என்பார். ஒவ்வொருத்தராக ஓடி வந்து அவர் வயிற்றில் ஓங்கிக் குத்துவோம். குத்தினவன் கையை உதறிக்கொண்டு கத்துவான். அப்பா அசையவே மாட்டார். முதல் குத்து எப்போதும் என்னுடையது. அதில் யாராவது முந்தினால் அவனையும் ஒரு குத்து குத்துவேன். அப்போதே எனக்கு வாயும் கையும் நீளம்தான்.

குத்து முடிந்து பிள்ளைகள் கலைந்த பிறகு, நான் மட்டும் சோப்பு டப்பாவைப் பிடித்துக்கொண்டு எதிரே நிற்பேன். தலையிலிருந்து வழிகிற நுரை அவர் வயிற்றில் ஒரு பக்கம் மேல் படியில் நிற்கும், இன்னொரு பக்கம் கொஞ்சம் கீழே போய் நிற்கும். என் ரெண்டு ஆள்காட்டி விரலையும் அந்த ரெண்டு படியிலும் வைத்துப் பார்ப்பேன். விரல்கள் மட்டமாக இருக்காது.

"ஏம்ப்பா கோணலா இருக்கு?"

"கட்டுன மேஸ்திரி மட்டக்கோல வூட்ல மறந்து வச்சிட்டு வந்துட்டான் கண்ணு. கண்ணாலயே பாத்துக் கட்டிட்டான்."

அந்தச் சாயங்கால வெளிச்சம், ஈரச் சிமெண்ட் வாசனை, யார் வீட்டிலோ கடுகு தாளிக்கிற சத்தம், எல்லாம் அந்த ஊதா மார்க்கர் வாசனைக்கு நடுவே எழுந்து வந்து நின்றன. நான் கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கும்போது அப்பா போய்விட்டார். காலையில் டியூட்டிக்குப் போனவர், மாரடைப்பு. இருக்கிற போட்டோக்கள் எல்லாவற்றிலும் சட்டை போட்டிருக்கிறார், கழுத்துப் பட்டன் வரைக்கும். எனக்கு அவர் முகம் இப்போதெல்லாம் சட்டென்று வருவதில்லை. குழாயடியும் நுரையும்தான் முதலில் வரும். அதைச் சொன்னால் யாருக்கும் புரியாது என்று சொல்வதும் இல்லை.

"இது அப்பாகிட்டயிருந்து வருமா?" என்று டாக்டரிடம் கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது, வந்திருக்கலாம் என்றார்.

"அப்படின்னா நேராக்க வேண்டாம்."

அவருக்கு முகம் மாறிவிட்டது. நேராக்கித் தாருங்கள் என்று கேட்டுத்தான் எல்லோரும் வருவார்களாம். கோணலாக விட்டால் பார்க்கிறவர்கள் டாக்டருக்குக் கை சரியில்லை என்று சொல்வார்களே என்று கவலைப்பட்டார். என் வயிற்றைப் பார்க்கப் போகிறவர்கள் யாரும் இல்லை, நீங்கள் தைரியமாக இருங்கள் என்றேன்.

வீட்டுக்கு வரும் வழியில்தான் சந்தேகம் வந்தது. நான் அப்பாவை எதிரே நின்று பார்த்தவள். அவருடைய இடது பக்கம் எனக்கு வலது கைப்பக்கம். இன்றைக்கு என்னைப் பார்த்ததோ கண்ணாடியில். கண்ணாடியில் என் இடது பக்கம் எனக்கு இடது பக்கமே. குழாயடியில் என் எந்த விரல் மேலே இருந்தது? வலது விரலா, இடது விரலா? வலது என்றால் அப்பாவுக்கும் இடது பக்கம் மேலே, எனக்கு வந்தது அவருடையதேதான். இடது என்றால் இது யாரோ, எவரோ. ஊரில் பாதிப் பேருக்கு இருக்கிற கோணல். யோசிக்க யோசிக்க ரெண்டு விரலும் மாறி மாறி ஏறி இறங்கின. ஆட்டோக்காரர் பார்க்கிறாரே என்றுகூட இல்லாமல் கைகளை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டேன்.

கோந்த்வாவில் இருக்கிற தம்பியை வீடியோவில் கூப்பிட்டேன்.

"அப்பா வயித்துல படி படியா இருக்குமே, எந்தப் பக்கம்டா மேல?"

"அப்பாவுக்குத் தொப்பைதானக்கா?"

"செருப்பால அடிப்பேன்."

"எனக்கு ஒண்ணும் யாத் இல்லக்கா, ஞாபகமே வரல. நான் அப்ப சின்னப் பையன்." ரொம்ப நல்ல பிள்ளையாக பனியனைத் தூக்கிக் காட்டினான். "இதுல தெரியுதா பாரு."

"அதுல தேடணும்னா ஜேசிபி வேணும்டா. மூடு."

மிச்சம் இருந்தது அம்மா ஒருத்திதான். உலகத்திலேயே அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள், என்னோடு பேசாமல் மிக்ஸியோடு பேசிக்கொண்டிருந்தாள். ரெண்டு தடவை கேட்கப் போய் வாயைத் திறந்தேன். "மாப்ள, கரண்டு பில்லு வந்துகீது" என்று எழுந்து போய்விட்டாள். அறுவை சிகிச்சையை எண்ணிக் கறுவிக்கொண்டிருக்கிற மனுஷியிடம் போய், உன் புருஷன் வயிற்றைப் பற்றிச் சொல் என்று எப்படிக் கேட்பது? எனக்கும் வீம்பு.

ஆபரேஷன் அன்று காலையில் டாக்டர் மறுபடியும் நிற்க வைத்துக் கோடு போட்டார். போட்டு முடித்ததும் கண்ணாடியில் பார்க்கிறேன், ஸ்கேல் வைத்த மாதிரி நேராகப் போட்டிருக்கிறார். பழக்க தோஷம். வந்தது பாருங்கள் எனக்குக் கோபம். உடம்பில் பாதித் துணி இல்லை, குளிரில் பல் தந்தியடிக்கிறது, அந்த நிலையிலும் விடவில்லை. "அழியுங்க. இடது பக்கம் மேலே. ஒரு விரல். நீங்கதானே சொன்னீங்க?" பக்கத்தில் நின்ற மலையாளி நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்தாள். அவர் மறுபடி அழுத்திப் பார்த்து, உள்ளே இருக்கிறபடியே கோணலாகப் போட்டார். அதைப் பார்த்த பிறகுதான் படுத்தேன்.

விழித்தபோது அழகாக இருக்கும் என்று யாராவது நினைத்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை. கத்தரிக்காய் நிறத்தில் வீங்கிக் கிடந்தது வயிறு. தொட்ட இடம் மரத்திருந்தது, தொடாத இடம் வலித்தது. கோடு விழ வேண்டிய இடங்களில் ஸ்பாஞ்சுப் பட்டைகள் வைத்து, அதன்மேல் மார்பிலிருந்து இடுப்பு வரை ஓர் இறுக்கமான உடுப்பு. வாரக்கணக்கில் அதைப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், குளிக்கிற நேரம் மட்டும் கழற்றலாம். பக்கவாட்டில் வரிசையாகக் கொக்கிகள். என் கணவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வொரு கொக்கியாகப் போராடினார். மேலே மாட்டினால் கீழே அவிழும். "கொஞ்சம் மூச்ச இழு... இரு... இல்ல, இது வேற ஓட்டை." எனக்கு வலியில் கண்ணீரே வந்துவிட்டது.

கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மா உள்ளே வந்தாள்.

"நவுருங்க மாப்ள."

அவ்வளவுதான் சொன்னாள். கீழேயிருந்து ஆரம்பித்தாள். ஒரு கையால் வயிற்றை மேலே ஏந்திப் பிடித்து, மறு கையால் இழுத்து, நான் மூச்சு விடுகிற நேரம் பார்த்துக் கொக்கியை மாட்டினாள். ஒரு இடத்தில்கூட சுருக்கம் இல்லை. எனக்கு மகள் பிறந்தபோது இப்படித்தான். பழைய நூல் புடவையை நீளமாகக் கிழித்து, என்னைச் சுவரில் சாய்த்து நிற்க வைத்து, தினமும் காலையில் வயிற்றைக் கட்டிவிடுவாள். வெந்நீர் வாசனையும் பூண்டு வாசனையுமாக, என்னைச் சுற்றிச் சுற்றி வந்து கட்டுவாள். "வயித்த அப்படியே வுட்டா காத்து பூந்துக்கும்" என்பாள். அந்த நாட்களில் நான் அவளுக்கு மறுபடியும் குழந்தையாக இருந்தேன். அதை மறந்தே போயிருந்தேன்.

அன்றிலிருந்து தினமும் அவள்தான் அவிழ்த்தாள், அவள்தான் கட்டினாள். பேச்சு மட்டும் இல்லை. கொக்கிகளோடு பேசினாள். "இதக் கண்டுபுடிச்சவன் ஒரு புள்ள பெத்திருக்க மாட்டான்." பூண்டுக் குழம்பு வந்தது, மிளகு ரசம் வந்தது, எல்லாம் மாப்பிள்ளை வழியாகவே வந்தன.

வீக்கம் மெல்ல வடிந்தது. ஊதா மஞ்சளாகி, மஞ்சளும் மங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கணவர் காய்கறி வாங்கப் போயிருந்தார். ஜன்னல் வெளிச்சத்தில் என்னை நிற்க வைத்து அம்மா உடுப்பை அவிழ்த்தாள். ஸ்பாஞ்சை எடுத்தாள். வெந்நீர்த் துணியைப் பிழிந்துகொண்டே நிமிர்ந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். நான் குனிந்து பார்த்தேன். படி விழுந்திருந்தது. கோணலாக, இடது பக்கம் மேலே.

இனிமேலும் வீம்பு பிடித்தால் நான் மனுஷியே இல்லை.

"அம்மா, அப்பாவுக்கும் இப்படித்தான இருந்துச்சு? அவருக்கு எந்தப் பக்கம் மேல?"

அவள் என்னை நேராகப் பார்த்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு என்னிடம் பேசினாள்.

"எனக்கு இன்னாடி தெரியும்? நான் எங்க பாத்தேன்?"

"தினம் குழாயடியில நின்னாரேம்மா. ஊரே பாத்துச்சே."

"ஊரு பாத்துச்சி. நான் பாக்க முடியுமா? ஒத்த ரூம்பு. மாமியாரு, லீவு வந்தா நாத்தனாரு, நீங்க ரெண்டு பேரு. துண்டு குடுக்கறதுக்கே தலைய குனிஞ்சினு குடுப்பேன். நிமிந்து பாத்தா, பகல்லயே புருசன மொறைக்கிறா பாருன்னுவாங்க. லைட்ட அணைச்சப்புறம்தான் அந்த மனுசன் எனக்கு." கொஞ்சமும் கூச்சப்படாமல், காய்கறி விலை சொல்கிற குரலில் சொன்னாள்.

எனக்கு அழுகை வந்தது. அப்பாவுக்காகவா, இவளுக்காகவா, எனக்காகவா என்று தெரியவில்லை. அத்தனை வருஷம் ஒரு கூரைக்குக் கீழே இருந்திருக்கிறாள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் பார்த்ததை இவள் பார்க்கவில்லை. இனி அதை எனக்குச் சொல்ல உலகத்தில் யாரும் இல்லை. போகட்டும் என்று உடுப்பை எடுக்கக் கை நீட்டினேன்.

"இரு" என்றாள். துணியை வாளியில் போட்டுவிட்டு, ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். "இப்படி நிக்காத. படு."

படுத்தேன். அவள் கட்டிலைச் சுற்றி வந்து, சுவர்ப் பக்கமாக ஏறி உட்கார்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். உள்ளங்கையை என் வயிற்றின் நடுவில் வைத்தாள். கை என் வலது பக்கம் போனது, நின்றது; இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டு திருப்பிக் கொண்டுவந்தாள். அப்புறம் கை இடது பக்கம் நகர்ந்தது. மெதுவாக மேலே ஏறியது. அந்தப் படிக்கு வந்ததும் விரல்கள் தாமாக மடிந்து அதில் உட்கார்ந்துகொண்டன.

"இங்கதான்டி" என்றாள். "இங்க வந்துதான் என் கை நிக்கும்."

கை அசைந்துவிடக் கூடாதே என்று நான் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு கிடந்தேன்.

"அவரு இப்படி மூச்சப் புடிச்சினு இருக்க மாட்டாரு" என்றாள் அம்மா, கண்ணைத் திறக்காமலே. "வுடு."